உயர்நிலைப் பள்ளி மாணவரும் ஆங்கிலக் கட்டுரையும்



ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி பெரும்பாலும் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆயினும் இச்சபையில் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுவது அவசியமென்று எண்ணுகிறேன். வாரத்தில் ஒரு பாடவேளையில் உபாத்தியாயர் கரும்பலகையில் ஒரு தலைப்பை எழுதுகிறார். அதன்கீழே, தாமே இயற்றியவையோ கைடு எனப்படும் துணைநூலில் கண்டவையோ ஆகிய நான்கு பத்திகளை எழுதிப் போடுகிறார். மாணவர்கள் அவற்றைக் கட்டுரை நோட்டில் எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதிக்கொண்டு, வீட்டில் உருப்போட்டு, பரீட்சை மண்டபத்தில் ஞாபகம் துணைசெய்யும் அளவுக்கு அதைத் தாளில் இறக்கிவைத்து, வெளியே வந்தவுடன் மறந்துவிடுகிறார்கள். இதற்குக் கட்டுரைப் பயிற்சி என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம்.

இதற்காக உபாத்தியாயர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. நாற்பத்தைந்து பேர் அமர்ந்த ஒரு வகுப்பில் ஒவ்வொருவனும் தானே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால், ஒன்றைத் திருத்த எட்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் ஆறு மணி நேரம் ஆகிறது. மூன்று வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவருக்குப் பதினெட்டு மணி நேரம். பகலெல்லாம் நின்று பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பும் ஒருவரிடம் வாரந்தோறும் இதை எதிர்பார்ப்பது மனிதத்தன்மை ஆகாது. எல்லா நோட்டுகளிலும் ஒரே கட்டுரை இருந்துவிட்டாலோ, ஒரு கையெழுத்தும் ஒரு தேதியும் போதும். ஆகவே கரும்பலகைக் கட்டுரை சோம்பலிலிருந்து பிறந்ததன்று, இயலாமையிலிருந்து பிறந்தது என்பதே என் அபிப்பிராயம். அந்த இயலாமைக்குப் பரிகாரம் சொல்லாமல் உயர்ந்த இலட்சியங்களை மட்டும் பேசிச் செல்வது உபாத்தியாயர்களுக்குச் செய்யும் அநீதி.

எனினும் இம்முறையால் நேரும் நஷ்டத்தை நாம் உள்ளபடி உணர வேண்டும். பசுவைப் பற்றிய கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நான்கு கால்கள் உண்டு, இரண்டு கொம்புகள் உண்டு, அது புல் தின்று பால் தருகிறது என்று எழுதும் அந்தப் பையனின் வீட்டுக் கொல்லையில் சென்ற வாரந்தான் ஒரு பசு கன்று ஈன்றிருக்கிறது. இரவு முழுவதும் அவன் அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு தகப்பனாருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டி வந்தவன் அவனே. சீம்பாலை எத்தனை வீடுகளுக்குக் கொடுத்தார்கள், தாய்ப்பசு யாரை முட்ட வந்தது, கன்று எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். இவ்வளவு செல்வத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு, நான்கு கால்களையும் இரண்டு கொம்புகளையும் எண்ணிக் காட்டும்படி நாம் அவனைப் பணிக்கிறோம். அவனுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று பின்னால் வருந்துகிறோம். சொல்வதற்குத் தன்னிடம் விஷயம் உண்டு என்பதையே அறியாத ஒருவனுக்கு எந்தப் பாஷைதான் வரும்?

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. என் மனத்தை அதிகம் வருத்துவது அதுவே. மனப்பாடம் செய்த கட்டுரைக்கு இரண்டாம் பிரதி என்பது கிடையாது. பிறர் எழுதித் தந்த வாக்கியத்தை மாணவன் மாற்றினால் அது பிழையாகிவிடும். மாற்றாதிருந்தால் அதில் அவன் கற்பதற்கு எதுவும் இல்லை. தான் எழுதிய வாக்கியத்தையோ அவன் மறுநாள் படித்துப் பார்த்து, இங்கே ஒரு சொல் குறைகிறது, இதை முன்னால் சொல்லியிருக்க வேண்டும், இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று எண்ணத் தொடங்குகிறான். எழுத்துக் கலையைக் கற்பது அந்த எண்ணத்தில்தான் ஆரம்பமாகிறது. முதற்பிரதி எழுதுவது சோதனை. இரண்டாம் பிரதி எழுதுவதே பயிற்சி. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இனி வருவன எல்லாம் இதன் விரிவே.

பிழைக்கு அஞ்சிப் பார்த்து எழுதவைக்கும் இவ்வழக்கத்தை ஒட்டிய ஒரு நிகழ்ச்சியைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் அவர் முதல் வருஷம் படித்தபோது ஜைல்ஸ் என்னும் கல்வி இன்ஸ்பெக்டர் வந்து ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். அவற்றுள் 'கெட்டில்' என்பதைச் சிறுவர் மோகன்தாஸ் பிழையாக எழுதினார். பக்கத்துப் பையனின் பலகையைப் பார்த்து எழுதும்படி உபாத்தியாயர் தம் பூட்ஸ் நுனியால் ஜாடை காட்டியும் அவருக்கு அது விளங்கவேயில்லை. மற்றப் பையன்கள் எல்லோரும் ஐந்து சொற்களையும் சரியாக எழுதி முடித்திருந்தார்கள். பரிசோதனைக்கு வருபவரின் கண்ணுக்கு எல்லாம் பிழையின்றித் தோன்ற வேண்டும் என்ற அச்சம் ஒரு பள்ளியை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. பிழையே இல்லாத கட்டுரை நோட்டைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி உண்டாவதில்லை; அந்தப் பிழைகளை யாரோ மாணவனிடமிருந்து பறித்துக்கொண்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

சரி, உபாத்தியாயருக்கு நேரம் இல்லை, வகுப்பு பெரிது. இந்நிலையில் மாணவன் தானே எழுதித் தானே திருத்திக்கொள்ளும் வழி ஏதேனும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு முறையை உங்கள்முன் வைக்கிறேன். அதைக் கண்டுபிடித்தவர் உபாத்தியாயர் அல்லர். பத்து வயதில் பள்ளிப் படிப்பு நின்றுபோன ஒரு சிறுவர்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1706ஆம் ஆண்டில் பிறந்த பெஞ்சமின் பிராங்க்ளின், பன்னிரண்டாம் வயதில் தம் தமையனார் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். நண்பர் ஒருவருடன் கடித மூலமாக அவர் நடத்திய ஒரு வாதத்தைத் தற்செயலாகப் படிக்க நேர்ந்த தகப்பனார், வாதத்தின் நியாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், எழுத்துக்கூட்டலிலும் நிறுத்தக் குறிகளிலும் நீ அவனைவிட மேலானவன், ஆனால் நடையின் அழகிலும் ஒழுங்கிலும் தெளிவிலும் அவனுக்குக் கீழே இருக்கிறாய் என்று உதாரணங்களோடு எடுத்துக் காட்டினாராம். அக்காலத்தில் லண்டனில் அடிசனும் ஸ்டீலும் 1711, 1712ஆம் ஆண்டுகளில் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' இதழ்களின் தொகுதி ஒன்று சிறுவர் கையில் கிடைத்தது. அதிலுள்ள கட்டுரைகளை அவர் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொற்களில் குறிப்பாக எழுதிவைத்துக்கொண்டு, புத்தகத்தை மூடிச் சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு அக்குறிப்புகளை மட்டும் பார்த்து அந்தக் கட்டுரையைத் தம் சொற்களால் முழுவதும் எழுதினார். எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைத் தாமே கண்டு திருத்திக்கொண்டார். தம்மிடம் சொற்கள் போதவில்லை என்று கண்டபோது சில கதைகளைச் செய்யுளாக மாற்றினார். யாப்புக்கும் எதுகைக்கும் பொருந்த ஒரே பொருளுக்குப் பல சொற்களைத் தேடவேண்டி வருமல்லவா? சில காலம் கழித்து அச்செய்யுள்களை மீண்டும் வசனமாக்கினார். இவை எல்லாவற்றினும் எனக்கு வியப்பைத் தருவது அவர் செய்த மூன்றாவது காரியம். குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, சில வாரங்களுக்குப் பின் அவற்றை மறுபடியும் சரியான வரிசையில் வைக்க முயன்றார். எண்ணங்களை ஒழுங்குபடுத்தும் வித்தை இதனால் கைவந்தது என்று அவரே எழுதுகிறார். 1722இல், பதினாறு வயதில், தம் பெயரை மறைத்து ஒரு விதவையின் பெயரால் எழுதிய கட்டுரையை இரவில் அச்சுக்கூடத்தின் கதவடியில் செருகிவைத்தார். எழுதியவர் தம் வீட்டுப் பையன் என்று அறியாத தமையனாரும் அவர் நண்பர்களும் அதைப் புகழ்ந்து பத்திரிகையில் வெளியிட்டார்கள். அவ்வகைக் கட்டுரைகள் பதினான்கு வெளிவந்தன.

இம்முறையில் திருத்துபவர் யார் என்பதைக் கவனியுங்கள். மூல நூலே திருத்துகிறது. நாற்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் ஒரு சிறிய ஆங்கிலப் பத்தியைத் திங்கட்கிழமை படித்துக் குறிப்பெடுக்கச் செய்து, வியாழக்கிழமை புத்தகத்தை மூடி எழுதச் செய்து, பிறகு மூலத்தைத் திறந்து ஒவ்வொருவனும் தன் பக்கத்தில் தானே அடிக்கோடிட்டுக்கொள்ளும்படி செய்தால், உபாத்தியாயருக்கு அந்த ஆறு மணி நேரமும் மிச்சமாகிறது. மாணவனுக்கோ, தான் விட்டுவிட்ட 'தி' என்ற சிறுசொல்லைத் தன் கண்ணாலேயே கண்டுபிடித்த அனுபவம் கிடைக்கிறது. சிவப்பு மையால் பிறர் வட்டமிட்ட பிழை அவ்வளவு ஆழமாக மனத்தில் பதிவதில்லை.

இங்கே நம் மாணவனுக்கு உரிய விசேஷமான சிரமங்களைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் பிராங்க்ளின் தம் தாய்மொழியில் எழுதினார், நம் பையனோ வேறொரு வாக்கிய அமைப்பிலிருந்து புறப்பட்டு வருகிறான். 'நேற்று மழையில் நனைந்து வீட்டுக்கு வந்த தம்பிக்கு அம்மா கஷாயம் போட்டுக் கொடுத்தாள்' என்று தமிழில் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறோம். நனைந்து, வந்த என்று எச்சங்கள் முன்னே அணிவகுத்து வர, முற்றுவினை கடைசியில் வந்து எல்லாவற்றையும் முடித்து வைக்கிறது. ஆங்கிலத்தில் கொடுத்தவள் அம்மா என்பதை முதலில் சொல்லி, கொடுத்தாள் என்பதை உடனே சொல்லி, பிறகே தம்பியையும் கஷாயத்தையும் வைக்க வேண்டும்; தம்பி எத்தகையவன் என்பது தமிழில் அவனுக்கு முன்னே நிற்கிறது, ஆங்கிலத்தில் அவனுக்குப் பின்னே 'ஹூ' என்று தொடங்கி வருகிறது. தமிழில் ஒரு பெயரெச்சம் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் முழுத்தொடர் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. வேற்றுமை உருபுகள் நம் பெயர்களின் வாலில் ஒட்டிக்கொள்கின்றன; அவர்கள் பாஷையிலோ அந்த வேலையைச் செய்யும் 'இன்', 'ஆன்', 'அட்' முதலிய இடைச்சொற்கள் பெயருக்கு முன்னே தனித்தனியாக நிற்கின்றன. 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்' என்பது நம் வழக்கு. அவர்களோ நான் இரண்டு தம்பிகளை உடையவன் என்ற பாவனையில் பேசுகிறார்கள். இவ்வேறுபாடுகளை மாணவனுக்கு எடுத்துக் காட்டாமல், அவன் பிழை செய்யும்போது மட்டும் கோபித்துக்கொள்வதால் என்ன பயன்?

ஆகவே முதற்பிரதியில் நீண்ட வாக்கியமே வேண்டாம் என்று சொல்லுகிறேன். தம்பி வீட்டுக்கு வந்தான். அவன் மழையில் நனைந்திருந்தான். அம்மா கஷாயம் போட்டாள். அதை அவனிடம் கொடுத்தாள் என்று நான்கு சிறு வாக்கியங்களாக எழுதட்டும். எழுவாயும் வினையும் சரியான இடத்தில் அமர்ந்துவிட்டால் அதுவே போதும். அவற்றுள் எந்த இரண்டைச் சேர்க்கலாம், 'வென்' என்பதால் சேர்க்கலாமா, 'ஹூ' என்பதால் சேர்க்கலாமா என்று பார்ப்பது இரண்டாம் பிரதியின் வேலை. இவ்வாறு ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு குறிப்பிட்ட காரியத்தை வைத்துவிட்டால், மறுபடியும் எழுது என்ற சொல் தண்டனையாகத் தோன்றாது. வாக்கிய அமைப்பைப் பழக்குவதன் பயனுக்கு ஒரு சான்று சொல்கிறேன். மந்தமான மாணவர் என்று ஹாரோ பள்ளியில் கீழ்வகுப்பிலேயே நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த வின்ஸ்டன் சர்ச்சில், லத்தீனும் கிரேக்கமும் கற்கும் தகுதி இல்லை என்று ஆங்கிலம் மட்டுமே கற்பிக்கப்பட்ட அந்த வகுப்பில் ஸோமர்வெல் என்ற ஆசிரியர், ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று பிரித்துப் பல நிற மைகளால் குறிக்கச் செய்தார் என்றும், சாதாரண ஆங்கில வாக்கியத்தின் அமைப்பு தம் எலும்பில் ஊறியது அவ்வாறே என்றும் 1930இல் வெளியான தம் இளமை வரலாற்றில் நன்றியோடு எழுதுகிறார். தாய்மொழியாளருக்கே இது வேண்டியிருந்ததென்றால் நமக்கு வேண்டுமா என்று கேட்கவும் வேண்டியதில்லை.

சொற்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். டாக்கா நகரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்காளி மாணவர்களுக்கு ஆங்கிலம் எவ்வாறு வரும் என்பதை ஆராய்வதில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர். மிகுதியும் வழங்கும் சொற்களைக் கணக்கெடுத்து 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ இரண்டாயிரம் தலைச்சொற்களே உள்ளன. அந்த அளவில் நின்றுகொண்டு ஒருவன் தெளிவாக எழுதலாம். 'ஹாப்பி' என்று எழுத வேண்டிய இடத்தில் அகராதியைப் புரட்டி ஒரு பெரிய சொல்லைத் தேடி வைப்பவனைப் பாராட்டும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். வரப்பு, நாற்றங்கால், பதநீர் போன்றவற்றுக்கு ஆங்கிலச் சொல் கிடைக்காவிட்டால் தமிழ்ச் சொல்லையே எழுதிவிட்டு, அது இன்னதென்று அடுத்த வாக்கியத்தில் விளக்கட்டும். அறியாதவனுக்கு அறிந்ததை விளக்குவதைப் போன்ற நல்ல கட்டுரைப் பயிற்சி வேறில்லை.

கட்டுரையின் குணதோஷங்களை அளக்கும் கருவிக்காக நாம் ஆங்கிலேயரிடம் கை நீட்ட வேண்டியதுமில்லை. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துச் சென்றிருக்கிறார். தமிழ் வகுப்பில் அவற்றைப் படிக்கும் மாணவன், அடுத்த பாடவேளையில் ஆங்கில நோட்டைத் திறக்கும்போது அவற்றை மறந்துவிடுகிறான். கூறியது கூறல் ஆங்கிலத்திலும் குற்றந்தான். தீபாவளியைப் பற்றித் தொடங்கிவிட்டு மத்தாப்பு விற்கும் கடைக்காரரின் குடும்பக் கதையில் இறங்கிவிட்டால் அது மற்றொன்று விரித்தல். முதற்பத்தி ஆர்வத்தோடு எழுந்து, கடைசிப் பத்தி நேரமின்மையால் மெலிந்து முடிகிறதே, அதற்குச் சென்று தேய்ந்திறுதல் என்று பெயரிட்ட பெரியவர் நம் பரீட்சைத் தாள்களைப் பார்த்தே பெயரிட்டார் போலும் என்று வியக்கிறேன். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் மாதத்துக்கு ஒருமுறை கலந்து பேசி, ஒரே விஷயத்தை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் எழுதச் செய்வார்களாயின், பாதி வேலை முடிந்துவிடும்.

தலைப்பைக் குறுக்குவதும் உபாத்தியாயரின் கடமை. 'பொங்கல்' என்று கொடுத்தால் சூரியனையும் உழவர் பெருமையையும் பற்றிய பொதுவாக்கியங்களே வரும். பானை பொங்குவதற்கு முன்னால் உங்கள் வீட்டில் நடந்த வேலைகள் என்று கொடுத்தால், சுண்ணாம்பு அடித்ததும் இஞ்சிக்கொத்து மஞ்சள்கொத்து வாங்கி வந்ததும் வரிசையாக வரும். இறந்தகால வினைகளுக்கும் அதுவே பயிற்சியாகும். தூத்துக்குடிப் பையன் உப்பளத்தைப் பற்றியும், சிவகாசிப் பெண் தீப்பெட்டி ஒட்டுவதைப் பற்றியும் எழுதினால், நாம் அறியாத செய்திகள் இரண்டேனும் அதில் இருக்கும். திருத்துபவருக்கும் அது சிறிது உற்சாகத்தைத் தரும்.

திருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. ரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பேராசிரியர் குவின்டிலியன், இளைஞர் எழுத்தில் மிகுதி இருந்தால் அதை எளிதில் குறைத்துவிடலாம், வறட்சியைத்தான் எந்தப் பிரயாசையாலும் போக்க முடியாது என்று கருதினார்; கடுமையான திருத்தத்துக்கு அஞ்சி மாணவன் எதையும் முயலாமல் இருந்துவிடுவதே பெரிய கேடு என்பது அவர் எச்சரிக்கை. ஒரு பக்கம் முழுவதும் சிவந்து திரும்பி வரும் நோட்டைப் பதினான்கு வயதுப் பெண் எவ்வாறு பார்க்கிறாள் என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? அவள் அந்தப் பக்கத்தைப் படிப்பதேயில்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடுகிறாள். ஒரு கட்டுரையில் ஒரே வகைப் பிழையை மட்டும் குறியுங்கள். இம்முறை வினையின் காலம். அடுத்த முறை ஒருமை பன்மை. அதற்கடுத்த முறை இடைச்சொற்கள். பிழையைத் திருத்தியும் எழுதிவிடாதீர்கள். வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும், எங்கே பிழை என்று அவளே தேடட்டும். திருத்துவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தம் கட்டுரையைப் பக்கத்திலிருப்பவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். கண்ணுக்குத் தப்பிய பிழை பல காதுக்கு அகப்படுவதுண்டு.

பெற்றோர்கள் கேட்பார்கள்: பரீட்சை என்னாவது, மனப்பாடம் செய்தவனுக்கல்லவா மதிப்பெண் என்று. அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை, எஸ்.எஸ்.எல்.சி. தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்தால் ஏழைக் குடும்பத்துக்கு என்ன நேரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உருப்போட்டவனுக்குத் தலைப்பு சற்று மாறி வந்தாலும் கதி கலங்கிவிடுகிறது. ஒரு வாக்கியத்தை மறந்தால் அடுத்ததும் வருவதில்லை. எழுதிப் பழகியவனுக்கு எந்தத் தலைப்பும் முற்றிலும் புதிதன்று. ஒருமுறை ஆங்கிலத்தில் தவறிய பிள்ளையை இந்தப் பாஷைக்கே தகுதியற்றவன் என்று முடிவுகட்டிவிடும் தகப்பனார்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும்: சென்னைப் புரசைவாக்கத்தில் வளர்ந்த ஆர். கே. நாராயண் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் தவறியது ஆங்கிலத்தில்தான். கிடைத்த ஓய்வில் அவர் விரும்பியதையெல்லாம் படித்தார், எழுதினார். 1935இல் அவருடைய முதல் நாவல் லண்டனில் வெளிவந்தது.

கடைசியாக, பள்ளிகளைப் பார்வையிட வரும் அதிகாரிகள் எவரேனும் இச்சபையில் இருந்தால் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். கட்டுரை நோட்டில் வருஷத்துக்கு இருபது கட்டுரைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது; அந்த எண்ணிக்கையே உபாத்தியாயரைக் கரும்பலகையிடம் துரத்துகிறது. ஆறு கட்டுரைகள் போதுமென்று விட்டுவிடுங்கள். ஆனால் ஒவ்வொன்றும் இருமுறை எழுதப்பட்டிருக்கட்டும், முதற்பிரதி கிழிக்கப்படாமல் அதே நோட்டில் அடித்தல் திருத்தல்களோடு இருக்கட்டும். நீங்கள் வரும்போது ஏதேனும் ஒரு நோட்டை எடுத்து, ஜூலை மாதத்து முதற்பிரதியையும் பிப்ரவரி மாதத்து இரண்டாம் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, அதன் பிறகு உங்கள் குறிப்பை எழுதுங்கள்.